ஒன்பது காளை

செவ்வாய்க்கிழமை தோறும் காலை ஏழே காலுக்கு
லிசார்தோவின் இறைச்சிக் கடையில்
இரண்டு கிலோ மாட்டு ஈரல் வாங்குவேன்.
"வெங்காயம் வேண்டாமா கூட?" என்பார்.
பதினோரு வருடமாய் அதே பகடி.
பதினோரு வருடமாய்ச் சிரித்தும் இருக்கிறேன்.

மாண்டிவிடியோவின் பேருந்துகளில்
மடியில் ஒரு பொட்டலம் மெல்லச் சிவந்தால்
பக்கத்து இருக்கை சீக்கிரம் காலியாகிவிடும்.

ஆய்வகத்தில் அதைப் பனிக்கட்டியில் வைத்து அரைத்து,
வடித்து, உப்பில் படியவிட்டு, மறுபடி வடித்து,
மாலைக்குள் மிஞ்சுவது
சுண்டுவிரல் நுனியளவு பழுப்பு நீர்.
அதில் ஒரு சொட்டைப் பெராக்சைடில் விட்டால்
குழாய் வாய் தாண்டி நுரைத்து என் கையை நனைக்கும்.
எரிக்க வந்ததைத்
தண்ணீராகவும் காற்றாகவும் பிரித்து அனுப்பிவிட்டு
அடுத்ததை அழைக்கும் நொதி.
ஒரு நொடியில் எத்தனை லட்சம் என்று
முதல் வருடம் வாயைப் பிளந்தேன்.
பிறகு பழகிவிட்டது, சம்பளம் போல.

முனைவர் சுபிஷாகா அதற்கொரு போலியைச் செய்தார்.
ஈரலளவு வேண்டாம், இருபது முப்பது அணு போதும்,
நடுவில் மாங்கனீசு.
பூட்டு சாவி என்பதெல்லாம் பாடப்புத்தகக் கதை.
நெரிசல் பேருந்தில் ஒருக்களித்து
அரை இடத்தில் உட்காருவதுதான் மருந்து.
உட்காராமல் போனவை இருநூற்றுப் பதினாறு.
எண் தப்பாது. குப்பிகளைக் கழுவியவள் நான்.

கடலுக்கு அப்பாலிருந்து மூன்று கோட்டுகள் வந்தன.
கையெழுத்து முடிந்து எல்லோரும் எழுந்தபோது
பேனாவை மறந்துவிட்டுப் போனார்கள்.
நன்றாகத்தான் எழுதுகிறது இன்னும்.

போன ஆகஸ்டில்
லிசார்தோவின் கையிலிருந்து கத்தி நழுவியது.
வழுக்கல் என்றார். மறு வாரம் குளிர் என்றார்.
அக்டோபரில் நரம்பு மருத்துவர்
எங்கள் மருந்தின் பெயரைச் சொன்னார்.

பொட்டலக் காகிதத்திலேயே கணக்குப் போட்டார், பென்சிலால்.
"மாதத்துக்கு ஒன்பது காளை, இஸ்மேனியா.
தோலோடு, குளம்போடு, அசைபோட்டபடி
ஒன்பது.
நீ இங்கிருந்து தூக்கிப் போனது
ஆயிரத்து நூறு கிலோ ஈரல்.
நான் சில்லறை விலைக்குத்தானே கொடுத்தேன்?"

தோற்றுப்போன இருநூற்றுப் பதினாறையும்
அந்த விலையில்தான் ஏற்றுகிறார்கள் என்றேன்.
யோசித்தார்.
"கெட்டுப்போன கறியை நானும்
நல்ல கறியின் விலையில்தான் ஏற்றுகிறேன்" என்றார்.
பொய் சொல்லத் தெரியாதவர்.
பிறகு மெதுவாக:
"ஒன்பது காளை ஏற்றுவதில்லை."

அரசே வாங்கித் தரவேண்டும் என்று வழக்கு.
பல்கலைக்கழகத்தின் இலவச வக்கீல்,
சட்டைப் பித்தானை மாற்றிப் போட்ட பையன்,
நன்றாகவே பேசினான்.
எதிர்த்தரப்பு ஓர் ஆய்வுக் கட்டுரையை விரித்தது.
மூன்றாம் படம்.
"இந்தப் பிழைக்கோடுகளின் நீளத்தைப் பாருங்கள்,
பயன் உறுதியாகவில்லை."

அந்தக் கோடுகளை வரைந்தது நான்.
ஒரு சனிக்கிழமை, பசியோடு,
இரண்டு முறை சரிபார்த்து வரைந்தேன்.
கொஞ்சம் குறைத்து வரைந்திருக்கலாம்
என்று ஒரு எண்ணம்
நீதிமன்றப் பெஞ்சில் என் அருகே வந்து உட்கார்ந்தது.
நான் நகர்ந்து உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு.
இன்று செவ்வாய்.
மருமகள் ஈரலை வெட்டித் தருகிறாள்.
பொட்டலம் மட்டும் அவர் கட்டுவார்,
இடக்கையால்.
ஐந்து நிமிடம் ஆகிறது.
நூலின் முனையைப் பிடிக்கலாமா என்று
என் விரல் இருமுறை எழுந்து அடங்கியது.

"வெங்காயம் வேண்டாமா கூட?"

வேண்டும் என்றேன்.

கத்தியைத் துடைப்பதை நிறுத்தி மருமகள் பார்த்தாள்.
அவரும் கடையைச் சுற்றிப் பார்த்தார்,
கொக்கிகளை, தராசை, பனிப்பெட்டியை.
அங்கே எந்த நாளும்
வெங்காயம் இருந்ததே இல்லை.